சங்கப் பலகையும் மதிப்பெண் அட்டவணையும்

மதுரைச் சங்கத்தில் ஒரு பலகை இருந்ததாகக் கதை உண்டு. தகுதியுடைய புலவர் வந்தால் அது வளர்ந்து இடம் கொடுக்கும். தகுதியில்லாதவர் வந்தால் இடம் தராது. இக்கதையை இளமையில் கேட்டு வியக்காதவர் நம்முள் எவரும் இரார். ஆயின் வளர்ந்த பிறகு ஒரு கேள்வி எழுகிறது. இடம் கிடைக்காத புலவன் அன்று மாலை வீடு திரும்பும்போது என்ன நினைத்திருப்பான்? தன் பாட்டில் குறை சொல்லிலா, பொருளிலா, யாப்பிலா என்று அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பலகை தீர்ப்புச் சொல்லும், காரணம் சொல்லாது.

தருமியின் கதை வேறு. அவன் கொண்டுவந்த பாட்டைக் குற்றமுடையது என்று தள்ளிய நக்கீரர், குற்றம் இன்னது என்பதையும் சொன்னார். காரணம் சொல்லப்பட்டதால்தான் வழக்கு நடந்தது. பாட்டுக்கு உரியவனே அவைக்கு வந்து வாதாட முடிந்தது. நக்கீரர் சரியா, இறைவன் சரியா என்பது ஒருபுறம் இருக்கட்டும். காரணம் வெளியில் வந்தால்தான் அது சரியா தவறா என்று பேசவே முடியும் என்பதை அக்கதை நமக்குக் காட்டுகிறது.

மாணவ நண்பர்களே, நாம் எழுதும் கட்டுரைகளுக்குப் பலகை வேண்டுமா, நக்கீரர் வேண்டுமா? இந்தக் கேள்விக்கு இன்று கணினித் திரையில் ஒரு விடை வந்திருக்கிறது. அதன் பெயர் ரூப்ரிக். இலத்தீன் மொழியில் செங்காவியைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பழைய ஐரோப்பிய ஏடுகளில் தலைப்புகளையும் வழிபாட்டு முறைக் குறிப்புகளையும் சிவப்பு மையில் எழுதினார்கள். அவ்வாறு எழுதிய பகுதிக்கு அந்தப் பெயர் வந்தது. கல்வித் துறையில் இப்போது அது ஒரு மதிப்பீட்டு அட்டவணையைக் குறிக்கிறது. அந்த அட்டவணை எவ்வாறு இயங்குகிறது, அதனால் நமக்கு என்ன நன்மை, எங்கே நாம் விழிப்பாக இருக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இது நமக்கு ஏன் வேண்டும்?

நம் கேரளத்தில் 2024 ஜூலை 1 அன்று நான்காண்டுப் பட்டப் படிப்பு தொடங்கியது. இதில் நூற்றுக்கு முப்பது பங்கு மதிப்பெண் வகுப்பிலேயே தொடர்ந்து நடக்கும் மதிப்பீட்டுக்கு உரியது; எஞ்சிய எழுபது பங்கு பருவத் தேர்வுக்கு உரியது. அஃதாவது, நாம் எழுதும் அசைன்மென்டும் பேசும் கருத்தரங்கும் செய்யும் செயல்திட்டமும் நம் தலையெழுத்தில் பங்கு கொள்கின்றன. இவற்றை இணையவழி வாங்கித் திருத்தும் ஏற்பாடும் பரவி வருகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த மங்கலபுரத்தில் இருக்கும் கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகமும் மாநில உயர்கல்வி மன்றமும் சேர்ந்து 2021-ஆம் ஆண்டில் ‘லெட்ஸ் கோ டிஜிட்டல்’ என்ற திட்டத்தை முன்வைத்தன. அதன் அடிப்படை ‘மூடில்’ என்னும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் உருவாக்கி, 2002 ஆகஸ்டு 20 அன்று முதற்பதிப்பாக வெளியிட்டது அது. விலை கொடுக்காமல் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் உலகெங்கும் கல்லூரிகளில் புகுந்துவிட்டது. 2011 டிசம்பரில் வந்த அதன் 2.2-ஆம் பதிப்பில்தான் ரூப்ரிக் முறை சேர்க்கப்பட்டது. கூகுள் கிளாஸ்ரூமிலும் இதே வசதி உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி மன்றம் 2018-இல் வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தக் கொள்கையும் பொறியியல் கல்லூரிகளுக்கு இம்முறையைப் பரிந்துரைக்கிறது.

ஒரே தாள், பல மதிப்பெண்

ஆசிரியர் கற்றவர், நேர்மையானவர், அவர் படித்துப் போடும் மதிப்பெண் போதாதா என்று சிலர் கேட்கலாம். நேர்மையில் குறையில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

1912-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் உயர்நிலைப் பள்ளி மாணவர் எழுதிய ஆங்கில விடைத்தாள் இரண்டைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினர். 142 ஆசிரியர்கள் திருத்தினர். ஒரே தாளுக்கு ஒருவர் 64 போட்டார். ஒருவர் 98 போட்டார். இரண்டாவது தாளுக்கு மதிப்பெண் 50-இலிருந்து 97 வரை பரந்து கிடந்தது. தாள் ஒன்றே, மாணவன் ஒருவனே, மாறியவை படித்த கண்கள்தாம்.

1961-இல் பிரின்ஸ்டனில் டீடரிக்கும் அவருடைய தோழர் இருவரும் இன்னும் ஆழமாகச் சோதித்தனர். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தனர். ஆசிரியர், எழுத்தாளர், வழக்கறிஞர், வணிகத் துறையினர் எனப் பல தொழிலினர் அவர்கள். ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். எதைக் கொண்டு பிரிப்பது என்று சொல்லவில்லை. முடிவு என்ன தெரியுமா? 101 கட்டுரைகள் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாத் தரங்களையும் பெற்றன. அதாவது அந்த ஒவ்வொரு கட்டுரையையும் மிகச் சிறந்தது என்றவரும் இருந்தனர். மிக மோசம் என்றவரும் இருந்தனர்.

ஏன் இப்படி என்று ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. அந்த 53 பேரும் தாறுமாறாகத் திருத்தவில்லை. ஒரு சாரார் கருத்தின் வளத்தைப் பார்த்தனர். மற்றொரு சாரார் எழுத்துப்பிழை, இலக்கணப்பிழைகளைப் பார்த்தனர். வேறு சிலர் அமைப்பையும், சிலர் சொல்லாட்சியையும், சிலர் நடையின் சுவையையும் பார்த்தனர். ஒவ்வொருவரும் தத்தம் அளவுகோலால் ஒழுங்காகவே அளந்தனர். கோல்கள்தாம் வேறு வேறு.

நம் நாட்டிலும் இக்கவலை புதிதன்று. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்ல வேண்டுமானால் அது தேர்வுமுறைச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்ற கருத்தை 1949-லேயே தன் அறிக்கையில் தெரிவித்தது.

பவணந்தியார் கண்ட வழி

அளவுகோலை முன்கூட்டியே வெளியில் வைத்துவிட்டால் என்ன? அதுதான் ரூப்ரிக்கின் கருத்து. இக்கருத்து தமிழருக்கு அயலானதன்று. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத குற்றம் பத்தையும் வேண்டிய அழகு பத்தையும் வரிசைப்படுத்திச் சொல்லியிருக்கிறார். குன்றக் கூறல், மற்றொன்று விரித்தல் முதலிய குற்றங்களை நம் தமிழ் மாணவர் எல்லாரும் அறிவர். ஒரு கட்டுரையை ‘நன்றாக இல்லை’ என்பதற்கும் ‘மற்றொன்று விரித்தல் நேர்ந்திருக்கிறது’ என்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! முன்னது மனத்தைப் புண்படுத்தும். பின்னது எந்தப் பத்தியை நீக்க வேண்டும் என்று காட்டும்.

நன்னூல் தந்தவை கூறுகள். ரூப்ரிக் அவற்றோடு படிகளையும் சேர்க்கிறது. அட்டவணையின் இடப்புறத்தில் மேலிருந்து கீழாகக் கூறுகள் நிற்கும். ஒவ்வொரு கூறுக்கும் எதிரே, இடமிருந்து வலமாக, தாழ்ந்த படி முதல் உயர்ந்த படி வரை கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அப்படியில் நிற்கும் கட்டுரை எப்படி இருக்கும் என்று ஓரிரு வரிகளும், அதற்குரிய எண்ணும் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்ததற்குரிய காரணங்களை ஆராய்க என்று 20 மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டுரை கேட்கப்படுகிறது என்று கொள்வோம். கருத்துக்கு 8, சான்றுக்கு 6, முறைவைப்புக்கு 3, மொழிக்கு 3 என்று ஆசிரியர் பகுக்கலாம். இவற்றுள் ‘சான்று’ என்னும் வரிசையை மட்டும் இங்கே எழுதிக் காட்டுகிறேன்.

0 – சான்று எதுவும் இல்லை.
2 – ஒரு சான்று உண்டு. ஆயின் அது எதை நிறுவுகிறது என்று சொல்லப்படவில்லை.
4 – இரண்டோ அதற்கு மேலோ சான்றுகள் உண்டு. ஒவ்வொன்றும் கருத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது.
6 – அவற்றோடு, தன் கருத்துக்கு மாறான சான்று ஒன்றும் எடுத்து ஆராயப்பட்டிருக்கிறது.

இந்த நான்கு வரிகளைப் படித்த மாணவன் எழுதத் தொடங்கும் முன்பே ஒரு பாடம் கற்றுவிடுகிறான். மாறான சான்றையும் எடுத்துப் பார்ப்பது உயர்ந்த ஆராய்ச்சி என்பது அவனுக்குப் புரிந்துவிடுகிறது. அதே இடத்தில் ‘சுமார், நன்று, மிக நன்று, சிறப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன பயன்? அது பழைய பலகைக்குக் கட்டம் போட்டது போலத்தான். எண்ணிப் பார்க்கவும் சுட்டிக் காட்டவும் கூடியவற்றைச் சொல்லும் அட்டவணையே நல்ல அட்டவணை.

மூடிலில் அது இயங்கும் விதம்

மூடிலில் ஆசிரியர் ஓர் அசைன்மென்டை ஏற்படுத்தும்போது, எளிய நேரடி மதிப்பெண்ணுக்குப் பதிலாக ரூப்ரிக் என்ற முறையைத் தேர்ந்தெடுக்கிறார். பிறகு கூறுகளையும் படிகளையும் எண்களையும் நிரப்பி, ‘பயன்பாட்டுக்கு ஆயத்தம்’ என்று சேமிக்கிறார். அதுவரை அது வரைவாகவே இருக்கும். திருத்தும்போது ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும். கூட்டலைக் கணினி பார்த்துக்கொள்கிறது. ஒரு வரிசையை விட்டுவிட்டால் அது ஏற்றுக்கொள்ளாது. எனவே களைப்பில் ‘சான்று’ வரிசையைப் பார்க்காமலே மதிப்பெண் போடும் வாய்ப்பு இல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதவும் இடம் தரலாம்.

ஒரு குறுக்கமும் உண்டு. இரண்டு படிகளுக்கு இடைப்பட்ட எண்ணை ரூப்ரிக்கில் போட முடியாது. 4-க்கும் 6-க்கும் நடுவே 5 தர விரும்பும் ஆசிரியர், ‘மதிப்பீட்டு வழிகாட்டி’ என்ற வேறொரு முறையை மூடிலிலேயே எடுத்துக்கொள்ளலாம். அதில் கூறுகள் மட்டும் உண்டு, படிகள் இல்லை, கூறுக்குரிய உச்ச எண்ணுக்குள் எந்த எண்ணையும் இடலாம்.

மாணவருக்கு மிக முக்கியமானது வேறொரு சிறு கட்டம். அட்டவணையை மாணவர் முன்னதாகப் பார்க்கலாமா கூடாதா என்பதை ஆசிரியர் அங்கே குறிக்கிறார். குறித்தால் எழுதும் முன்பே நமக்குத் தெரியும். குறிக்காவிட்டால் திருத்திய பிறகுதான் தெரியும். எண்கள் நமக்குத் தெரியலாமா, குறிப்புகள் தெரியலாமா என்பதற்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஒரே கருவி நக்கீரராகவும் ஆகும், பலகையாகவும் ஆகும். எதுவாக ஆவது என்பது அந்தச் சிறு கட்டங்களைப் பொறுத்தது.

கணக்கில் ஒரு பொறி

இங்கே ஆசிரியரும் மாணவரும் அறிய வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3, 4 என்று படிகள். ஒரு மாணவி 2, 3, 3, 2 பெறுகிறாள்; கூட்டினால் 10. உச்சம் 16. கட்டுரைக்கு மொத்தம் 20 மதிப்பெண். பதினாறுக்குப் பத்து என்றால் இருபதுக்குப் பன்னிரண்டரை என்று நாம் கணக்கிடுவோம். ஆனால் மூடில் பழைய முறையில் அப்படிக் கணக்கிடுவதில்லை. மிகத் தாழ்ந்த கூட்டுத்தொகையாகிய 4-ஐ அது சுழியாகக் கொள்கிறது. மாணவியின் 10-இலிருந்து 4-ஐக் கழித்து 6; உச்சமாகிய 16-இலிருந்து 4-ஐக் கழித்து 12; பன்னிரண்டுக்கு ஆறு; எனவே இருபதுக்குப் பத்து. இரண்டரை மதிப்பெண் போய்விட்டது! நான்கிலும் 1 பெற்றவனுக்கு ஏதோ கிடைக்கும் என்று ஆசிரியர் நினைத்திருப்பார். அவனுக்குக் கிடைப்பது சுழி.

இஃது எவருடைய வஞ்சகமும் அன்று, சூத்திரம் அப்படி. இதற்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று, ஒவ்வொரு வரிசையின் தாழ்ந்த படியையும் 0 என்றே தொடங்குவது. அப்போது நம் கணக்கும் கணினியின் கணக்கும் ஒன்றாகும். மற்றொன்று, பிற்காலப் பதிப்புகளில் இதற்கென வந்துள்ள ஒரு கட்டத்தைக் குறிப்பது. குறித்தால், தாழ்ந்த கூட்டுத்தொகை சுழியாகக் கருதப்படாமல் அதற்குரிய மதிப்போடு நிற்கும். நம் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து ஒத்துவராவிட்டால், முதலில் ஐயுற வேண்டியது ஆசிரியரை அன்று, இந்தச் சூத்திரத்தைத்தான். பணிவோடு சுட்டிக் காட்டினால் எந்த ஆசிரியரும் பார்ப்பார்.

மொழி என்னும் வரிசை

இனி நமக்கென்றே உரிய ஒரு செய்தி. நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் இங்கு வந்து படிக்கும் நம்மில் பலர் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர். இங்கே வகுப்பில் மலையாளம் காதில் விழுகிறது. கட்டுரை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. மனத்தில் தெளிவாக இருக்கும் கருத்து தாளில் தடுமாறி நிற்கிறது.

முதலாண்டில் நான் எழுதிய ஒரு கட்டுரை 20-க்கு 9 என்று திரும்பி வந்தது. ஓரத்தில் ‘மொழியைச் சீர்செய்க’ என்று ஒரு வரி. போன 11 மதிப்பெண்ணும் மொழிக்காகப் போனதா, கருத்திலும் குறை உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த கட்டுரைக்கு அகராதியைப் புரட்டுவதா, நூலகத்துக்குப் போவதா என்றும் தெரியவில்லை.

பிரின்ஸ்டன் சோதனையில் பிழைகளையே பார்த்த ஒரு சாராரை நினைத்துப் பாருங்கள். அத்தகையவர் கையில் நம் தாள் விழுந்தால், உடைந்த ஆங்கிலம் கருத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ரூப்ரிக் இருந்தால் மொழிக்கு ஒரு வரிசைதான். மேலே சொன்ன பகுப்பில் கருத்துக்கு 8, சான்றுக்கு 4, முறைவைப்புக்கு 2, மொழிக்கு 1 என்று ஒரு மாணவன் பெற்றால் மொத்தம் 15. மொழியில் அவன் இழந்தது 2. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த இரண்டையும் எப்படி மீட்பது என்றும் அவனுக்குத் தெரிகிறது. இது சலுகை அன்று. எதற்கு எவ்வளவு என்ற நேர்மையான கணக்கு.

அட்டவணையால் ஆகாதவை

இவ்வளவும் சொன்ன பின் மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். எந்தக் கட்டத்திலும் அடங்காத புதுச் சிந்தனையோடு ஒரு கட்டுரை வரக்கூடும். கட்டங்களை மட்டும் பார்க்கும் கண் அதைத் தவறவிடும். ஆதலின் குறிப்பு எழுதும் இடம் காலியாக இருக்கக் கூடாது. மாணவரும் கட்டத்தை நிரப்புவதற்காகவே எழுதினால் கட்டுரை உயிரற்ற படிவமாகிவிடும்.

அட்டவணை இருந்தால் மட்டும் இரண்டு ஆசிரியர் ஒரே மதிப்பெண் போட்டுவிடுவார்கள் என்பதும் இல்லை. ‘கருத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது’ என்ற தொடரை இருவர் இருவிதமாகக் கொள்ளலாம். திருத்தத் தொடங்கும் முன் இரண்டு மூன்று கட்டுரைகளை இருவரும் தனித்தனியே திருத்தி, ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தைப் பேசித் தீர்த்துக்கொண்டால் அட்டவணைக்கு உயிர் வரும். இதற்கு நேரம் பிடிக்கும். நூறு தாள்கள் மேசையில் குவிந்திருக்கும் ஆசிரியரின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவது

அசைன்மென்டைத் திறந்தவுடன் கடைசித் தேதியைப் பார்ப்பதோடு நில்லாமல் அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். எண் மிகுந்த வரிசைக்கு உழைப்பையும் மிகுதியாகக் கொடுங்கள். எழுதி முடித்ததும் நீங்களே உங்களை அட்டவணையில் வைத்துப் பாருங்கள். அருகில் இருக்கும் நண்பரையும் வைக்கச் சொல்லுங்கள். இருவர் எண்ணும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே கட்டுரை தெளிவாக இல்லை என்று பொருள். அட்டவணை இல்லாவிட்டால், ‘எந்தெந்தக் கூறுகளைப் பார்ப்பீர்கள் ஐயா?’ என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மரியாதையோடு கேட்ட கேள்வியை நல்லாசிரியர் எவரும் குற்றமாகக் கொள்ள மாட்டார்.

காரணம் அறிவது நம் உரிமையும் ஆகும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்கவும் அதன் நகலைப் பெறவும் தேர்வு எழுதியவருக்கு அச்சட்டத்தின்கீழ் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டு 9 அன்று தீர்ப்பளித்தது. மறுமதிப்பீடு செய்தே தீர வேண்டும் என்ற உரிமையை அத்தீர்ப்பு தரவில்லை. பார்த்து அறியும் உரிமையைத் தந்தது. கற்க விரும்பும் மாணவனுக்கு அதுவே பெரிது. ஆனால் தேர்வு முடிந்து, விண்ணப்பம் எழுதி, காத்திருந்து பெற வேண்டியது அந்தக் காரணம். எழுதும் முன்பே கேளாமல் கிடைக்கும் காரணம் ரூப்ரிக்கில் இருக்கிறது.

தருமிக்குப் பொற்கிழி உடனே கிடைக்கவில்லை. ஆயினும் தன் கையில் இருந்த பாட்டில் குற்றம் எங்கே என்று சொல்லக் கேட்டான். நமக்கும் முழு மதிப்பெண் எப்போதும் கிடைத்துவிடாது. ஒன்பது என்றால் ஏன் ஒன்பது என்று தெரிந்தால் போதும். அடுத்த முறை பதினைந்துக்கு வழி அங்கிருந்தே தொடங்கும். அந்த வழியைக் காட்டும் அட்டவணையை ஆசிரியர்கள் முன்னதாகவே திறந்து வைக்கட்டும்; நாமும் அதைத் திறந்து படிப்போம்.